சாரட்டுக்கு ஒரு மடக்குக் கூரை

நத்தர்ஷா ராவுத்தர் கேட்டது இவ்வளவுதான்:
மழை வந்தால் விரிய வேண்டும்,
கேமரா வந்தால் மடங்க வேண்டும்,
மின்கம்பி வந்தால் பாதியில் நிற்க வேண்டும்.
எது வந்தாலும்
பெண்ணின் கொண்டைப்பூ நசுங்கக் கூடாது.

"கேட்டும் கிரில்லும் அடிக்கிறவளிடம்
குடை கேட்கிறீர்களே" என்றேன்.
"குடைக்காரன் முடியாதுன்னுட்டான்மா,
அதான் வந்தேன்" என்றார்.
மன்னார்குடியில் மரியாதை
இப்படித்தான் வந்து சேரும்.

பட்டறைத் தரையில் சாக்கட்டியால்
பக்கவாட்டில் ஒரு சாரட், முழு அளவில்.
குணாளனை ஸ்டூலில் உட்கார்த்தி
தலையில் ஒரு சொம்பைக் கவிழ்த்தேன்:
அதுதான் கொண்டை.
சொம்புக்கு மேல் நான்கு விரற்கடை விட்டு
ஒரு வில்.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
ஐந்தும் வந்து சேர ஒரே ஆணி,
கைப்பிடிக்குக் கீழே.

தாளில் எல்லாம் மடங்கியது.
இரும்பில், மூன்றாவது வில்
நான்காவதின் மேல் ஏறி உட்கார்ந்தது,
பந்தியில் இடம் பிடிப்பவரைப் போல.

அன்றிரவு இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.
ஓட்டுக்கு மேல் ஓடு,
ஒன்றின் விளிம்பு மற்றதற்குள்;
இழுத்தால் நிமிர்கிறது, விட்டால் சுருள்கிறது.
ஈரக்கையோடு பட்டறைக்கு ஓடி
ஒவ்வொரு வில்லையும் முந்தியதைவிட
முக்கால் அங்குலம் குறைத்தேன்.
குழம்பு தீய்ந்தது. கூரை மடங்கியது.

பூட்டுக்கு என் முழங்கையையே பார்த்தேன்.
நிமிர்ந்தபின் ஒரு மயிரிழை தாண்ட வேண்டும்;
அப்புறம் காற்று தள்ளினாலும்
கை கேட்காமல் மடங்காது.

துணியில் ஒரு வாரம் போயிற்று.
ரெக்சின் கனம். தார்ப்பாய் முரடு.
லூர்துராஜ் குடைத்துணியை இரட்டையாக்கி
மடிப்புதோறும் உள்நோக்கி ஒரு தையல் போட்டான்.
"எங்க மடங்கணும்னு
இனிமே அதுக்கே தெரியும்."

குதிரையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கனகாம்பரம் என்று பெயர், நிறமும் அதேதான்.
பாமணியாற்றுக் கரையில் வெள்ளோட்டம்.
கொண்டியைத் தட்டினேன்.
படீரென்று பின்னால் விழுந்தது கூரை.
சாரட், ராவுத்தர், நான், குணாளன், சொம்பு
எல்லோரும்
யாரோ ஒருத்தியின் நாற்றங்காலில்.
அவள் கத்தவில்லை.
கட்டுக்கு இவ்வளவு என்று
விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

முழங்கால் சேற்றில் நின்றபடி
குதிரையின் காதுகளைப் பார்த்தேன்.
இரண்டும் பின்னுக்கு மடிந்து
கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன,
ஆணி இல்லாமல், ஓசை இல்லாமல்.
என் ஐந்து வில்லுக்கும் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு நான் வரைந்ததெல்லாம் சத்தத்தை.
இரும்பு இரும்பைத் தொடும் இடமெல்லாம்
சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன்.
கதவை மெல்லச் சாத்தும் எண்ணெய்த் தண்டு இரண்டை
இடம் மாறிப் போன ஒரு வங்கிக் கட்டிடத்திலிருந்து
பேரம் பேசி வாங்கினேன்.
காலைதோறும் லாயத்துக்குப் போய்
கொள்ளுத் தின்னும் அவள் முன்
கூரையைத் திறந்து மூடினேன்.
பத்தாம் நாள்
அவள் தலை தூக்கவில்லை.

ஐப்பசி முகூர்த்தம்.
தேரடி தாண்டும்போது மழை,
சொல்லாமல் கொள்ளாமல்.
டிரம்செட் ஒரு மருந்துக்கடைக்குள் ஓடியது.
ராவுத்தர் கைப்பிடியை இழுத்தார்.
மூச்சு இழுப்பதைப் போல எழுந்தது கூரை.
கனகாம்பரத்தின் ஒரு காது மட்டும்
பின்னால் திரும்பி
சரி, நீதானா என்று
மறுபடி முன்னால் போயிற்று.

மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு
நான் அளவே எடுக்கவில்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.
பாவம், மண்டபம்வரை குனிந்தே வந்தார்.
பக்கத்தில் பெண்
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.
நான்கு விரற்கடை.